மூன்றாம் மாடிக்குக் காற்று போகவில்லை

'ஃபில்டர்' என்பது அவர் தானாகச் சம்பாதித்துக்கொண்ட பட்டம். பெரிய கட்டடங்களில் காற்றைக் குளிரவைத்து மாடி மாடியாகத் தள்ளிவிடுகிற மெஷின்களைப் பொருத்துவதும் பார்த்துக்கொள்வதும் அவர் தொழில். வீட்டில் மாட்டுகிற ஏசிக்கு இது பெரியப்பா முறை என்று விவரம் தெரியாதவர்களுக்கு விளக்குவார். எங்கே எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும், அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, "ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஏழு தடவை அது உண்மையாகவும் இருந்து தொலைத்ததால் மனுஷனுக்குத் தலைக்கனம் ஏறிப்போனது. தனக்குத் தலைவலி என்றால்கூட ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுவார் என்று அவர் மனைவி சொல்வதில் மிகை கொஞ்சம்தான்.

அப்படிப்பட்டவர், ஏழு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் மூன்றாம் மாடி மெஷினுக்குப் புது மோட்டார் போட்டார். மெஷின் என்றால் சின்ன அறை அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் தூசியைப் பிடிக்கிற ஃபில்டர், அடுத்துக் குளிர்ந்த குழாய்கள், கடைசியில் ஓர் ஆள் உயரத்துக்கு உருண்டையான விசிறி. மோட்டாரிலிருந்து பெல்ட் ஓடி அந்த விசிறியின் சக்கரத்தைச் சுழற்றும். மோட்டாருக்கு மூன்று வயர். அதில் இரண்டு இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதனால் வயர் கொடுத்ததும் ஸ்விட்சை ஒரே ஒரு நொடி போட்டு நிறுத்தி, சக்கரம் எந்தப் பக்கம் சுற்றி ஓய்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் பாலபாடம் இது. இதைச் செய்யாதவனை மெக்கானிக் என்றே சொல்லக்கூடாது என்று டீக்கடையில் நின்று பலமுறை முழங்கியவரும் நம்ம ஃபில்டர்தான்.

அன்றைக்கு அவர் அதைச் செய்யவில்லை. மூன்றாம் மாடி ஜனம் பத்துப் பேர் ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டு மெஷின் அறை வாசலில் நின்றார்கள். "இன்னும் எவ்வளவு நேரம் சார் ஆகும்?" என்று ஒருவர் கேட்டார். "ஆச்சு, முடிஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டு, ரிப்பன் வெட்டுகிற பெரிய மனுஷன் மாதிரி ஸ்விட்சைப் போட்டார். ஆபீஸுக்குள் போய்க் கூரையில் காற்று வருகிற சட்டத்துக்கு நேராகக் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்தார். கைக்குட்டை ஆடியது. கைதட்டினார்கள். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அந்த விசிறியிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலும் அது காற்றைத் திருப்பி இழுக்காது. அதே வழியில்தான் தள்ளும், பாதிக்கும் குறைவாக. கைக்குட்டை ஆட அது போதும். ஐம்பது பேர் உட்கார்ந்து வேலை பார்க்கப் போதாது. இதெல்லாம் ஃபில்டருக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தும் கோட்டை விட்டார். விட்டதோடு நிற்காமல், வேலை பளிச்சென்று தெரியட்டும் என்று விசிறிக்கூட்டுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் வேறு அடித்தார். சுற்ற வேண்டிய திசையைக் காட்டி கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த அம்புக்குறி அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மூன்று மாதம் புகார் வந்தது. மூன்றாம் மாடியில் மேஜைக்கு மேஜை குட்டி ஃபேன் முளைத்தது. ஃபில்டர் ஐந்து தடவை போனார். போனதும் மெஷினை நிறுத்தச் சொல்லுவார்; நேராகப் போய் ஃபில்டரை உருவுவார். அது துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கும். பிறகு ஜன்னல் இடுக்கைப் பார்த்தார், கம்ப்யூட்டர்களை எண்ணினார், கூரைப் பலகையைத் தூக்கி, காற்று ஓடுகிற டக்டைத் தட்டினார். கடைசியில், "மூணாவது மாடிக்காரங்களுக்கே கொஞ்சம் உடம்புச் சூடு ஜாஸ்தி மேடம்" என்று கட்டடத்தின் மேனேஜர் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு அசடு வழிகிறது.

அந்தக் கட்டடத்தில் பகல் நேர ஆபரேட்டர் அவருடைய சம்பந்தி. மகளைக் கொடுத்திருக்கிற வீட்டுக்காரர். பகலில் மெஷின்களைப் போடுவது, நிறுத்துவது, ஃபில்டர் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஃபில்டர்தான். இரண்டு பேருக்கும் நடுவில் மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. ஒரே கதவருகே வந்துவிட்டால் "நீங்க போங்க சம்பந்தி", "அட, நீங்க முதல்ல" என்று இரண்டு பேரும் வெளியிலேயே நிற்பார்கள்.

ஐந்தாவது தடவை போனபோது, காரணம் என்ன என்று எழுதிக் கொடுக்காமல் நகரக்கூடாது என்று மேனேஜர் பிடித்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஃபில்டர் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றார். தெரியவில்லை என்று எழுதக் கை வரவில்லை. இருபது வருஷ சர்வீஸ் தடுத்தது. 'ஆபரேட்டர் ஃபில்டரைச் சரியாகச் சுத்தம் செய்வதில்லை' என்று எழுதி, அறைச் சுவரில் இருந்த கிளிப்பில் மாட்டிவிட்டு நழுவினார். மூன்று ஷிஃப்டுக்கு மூன்று ஆபரேட்டர். பொதுவாக எழுதினால் யார் தலையிலும் விழாது என்று ஒரு கணக்கு. தன் கைக்குட்டையைச் சந்தேகப்படுவதைவிட மூன்று பேரைச் சந்தேகப்படுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

புகார் எல்லாம் பகல் ஷிஃப்டில் வந்ததால், அது விழக்கூடாத தலையில் விழுந்தது. ஒரு காலையில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, மாமாவுக்கு மாசக் கடைசியோட வேலை இல்லன்னு லெட்டர் குடுத்துட்டாங்க."

"என்னம்மா சொல்ற?"

"வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. துணி துவைக்கறப்ப சட்டைப் பையில பாத்தேன். ஃபில்டர் சரியா பாக்கலைன்னு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்களாம்ப்பா. உங்க மாப்பிள்ளைக்கு இன்னும் வேலை கிடைக்கல. மாமா சம்பளத்துலதான் எல்லாம் ஓடுது. யாரு எழுதினாங்கன்னு கொஞ்சம் விசாரிக்கறீங்களா?"

"விசாரிக்கறேம்மா" என்றார். குற்றவாளியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முகம் கழுவப் போனால் கண்ணாடியிலேயே நின்றுகொண்டிருந்தான்.

குளித்தும் குளிக்காமலும் கட்டடத்துக்கு ஓடினார். மெஷின் அறையில் சம்பந்தி வழக்கம்போல் எழுந்து நின்று முக்காலியை அவர் பக்கம் தள்ளினார். லெட்டரைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஃபில்டரும் உட்காரவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக, தன்னைத் தவிர இன்னொருவருக்கும் ஏதாவது தெரிந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"சம்பந்தி, நீங்கதான் தினமும் இந்த மெஷினோட கிடக்கறீங்க. இதுல உங்களுக்கு எதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?"

சம்பந்தி தயங்கினார். "தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. மத்த மாடியில மெஷின நிறுத்தினா அந்தச் சக்கரம் சுவர்ப் பக்கமா சுத்தி நிக்கும். இது கதவுப் பக்கமா சுத்தி நிக்குது. மோட்டார் மாத்தின நாள்லேர்ந்தே அப்படித்தான்."

ஃபில்டர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாததா? புது மோட்டார், புது மாதிரி சுத்தும்போலன்னு நெனச்சேன். சம்பந்திக்குப் போய்த் தொழில் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு..."

மெஷினை நிறுத்தச் சொன்னார். இந்தத் தடவை ஃபில்டர் பக்கம் போகாமல் பெல்ட் பக்கம் போய் நின்றார். சக்கரம் கதவுப் பக்கமாகச் சுற்றிச் சுற்றி, சாவகாசமாக நின்றது. ஸ்க்ரூ டிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டினார். உள்ளேயிருந்து வந்த அம்புக்குறி சுவரைக் காட்டியது. தலையில் அடித்துக்கொண்டார், நிஜமாகவே, சத்தம் கேட்கும்படி.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு, வயர்ப் பெட்டியைத் திறந்து, இரண்டு வயர்களை இடம் மாற்றினார். இரண்டு நிமிஷ வேலை. ஒரு நொடி போட்டுத் திசை பார்த்துவிட்டு, மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை ஒரேயடியாக விட்டது. டக்டில் படிந்திருந்த தூசி மூன்றாம் மாடிக்காரர்கள் தலையில் கொட்டியது. மேஜைக் காகிதங்கள் பறந்தன. யாரோ ஒருவர் சால்வை கேட்டதாகவும் தகவல்.

முடியில் தூசியோடு மேனேஜர் அம்மா மெஷின் அறைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப உங்க ரிப்போர்ட் சரிதான் சார். ஃபில்டர ஒழுங்காப் பாத்தா காத்து எப்படி வருது பாருங்க. நல்ல வேளை, லெட்டர் குடுத்தேன்."

சம்பந்தி குனிந்த தலை நிமிரவில்லை. ஃபில்டருக்கு ஒரு நொடி ஆசை வந்தது. அதை மறைத்துப் புண்ணியமில்லை. சும்மா தலையாட்டினால் போதும். சம்பந்திக்கு வேறு கட்டடத்தில் வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம், பூசி மெழுகிவிடலாம், யாருக்கும் தெரியாது. பிறகு மகளின் குரல் காதில் விழுந்தது.

"மேடம், ஃபில்டர்ல ஒண்ணுமில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. "மோட்டார் போட்டப்ப வயர மாத்திக் குடுத்துட்டேன். விசிறி மூணு மாசமா தப்புப் பக்கம் சுத்துச்சு. என் தப்பு."

"ஆபரேட்டர் சரியில்லன்னு எழுதினீங்களே?"

"காரணம் தெரியல மேடம். தெரியலன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. அதான் அவர் மேல எழுதிட்டேன்."

மேனேஜர் அம்மாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஐம்பது பேரை மூன்று மாதம் வேகவைத்ததற்கு அவர் என்னவெல்லாம் சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம், எதுவும் அநியாயமில்லை. ஃபில்டர் ஒப்புக்கொண்டதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு, ஆபரேட்டர் சட்டைப் பையிலிருந்த லெட்டரை வாங்கி அங்கேயே கிழித்தார். எழுதி வாங்கியதில் ஒரு காப்பி ஃபில்டரின் கம்பெனிக்குப் போனது. கம்பெனி அவரைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு இரண்டு நாள் வகுப்பில் உட்காரவைத்தது. முதல் பாடம், மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பது எப்படி.

அன்றைக்கு மேனேஜர் போனதும் ஃபில்டர் சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றார் ஃபில்டர். "நான்தான் எழுதினேன்னு இன்னிக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியுமே" என்றார் சம்பந்தி. "கிளிப்புல மாட்டியிருந்துச்சு. அன்னிக்கே படிச்சேன். உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"படிச்சிட்டுமா பேசாம இருந்தீங்க?"

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். என் வேலையிலதான் என்னமோ குறைன்னு, அன்னிலேர்ந்து சாப்பாட்டு நேரத்துலயும் ஒரு தடவை கழுவினேன். அப்பவும் காத்து வரல. உங்க சிபாரிசுல வந்துட்டு உங்க பேரக் கெடுக்கறோமேன்னுதான் ஒரே கவலை."

ஃபில்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். சம்பந்தி பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"எழுந்திருங்க சம்பந்தி" என்றார். "யாராவது பாத்தா உங்க மரியாதை என்ன ஆவறது."