ரத்னபாய் டீச்சரை அடக்கம் செய்த நாள்

கபசுரக் குடிநீரின் கசப்பு நாள் முழுக்க நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொரோனாவின் இரண்டாம் அலை வந்த கோடையில், பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுவதும் அந்த வாசம்தான். பரீட்சை எழுதாமலே பத்தாம் வகுப்பில் பாஸாகியிருந்த நான், சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் அதிகம் பயந்தவர் அப்பா. பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். குடும்ப ஜெபத்தில் குரல் நடுங்க, "எங்க வாசலை மட்டும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று முடிப்பார்.

எதிர்வீட்டில் தனியாக இருந்தவர் ரத்னபாய் டீச்சர், எனக்கு ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போன அவர் திரும்பவில்லை. ஒரு காலையில் துபாயிலிருந்து அவருடைய மகன் ஜெயசிங் அப்பாவைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, அம்மா போயிட்டாங்க. எனக்கு பிளைட் இல்ல. ராதாபுரத்துச் சொந்தக்காரங்க யாரும் வரமாட்டேங்காங்க. கூட நிக்க ஒரு ஆள்கூட இல்லண்ணே."

"பார்க்கேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அப்பா போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குச் சுகர் இருக்கு. போவாதீங்க. ஐயர் பாத்துக்கிடுவாரு" என்றாள் அம்மா. சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் "ஐயர்" என்றுதான் சொல்வோம்.

அப்பா உள்ளறைக்குப் போய் முழங்காலில் நின்றார். வெளியே வந்தபோதும் மாஸ்க்கின் நாடாவைக் கட்ட முடியாமல் திணறினார். நான்தான் கட்டிவிட்டேன்.

"பயம் போயிட்டாப்பா?"

"போவல மக்கா. ஆனா டீச்சர் தனியாப் போவக்கூடாதுல்லா. கர்த்தர் கூட வருவாரு, நான் நடந்துருவேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தடுக்கவில்லை. அப்பா ஸ்கூட்டரை எடுக்கும்போது, பலசரக்குக் கடை சங்கரன் அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடிவந்தார். "சார், நில்லுங்க. எம்பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவங்க டீச்சர். நானும் வாரேன்." திருநீறு பூசிய நெற்றியோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் நடந்ததைப் பிறகு அண்ணாச்சிதான் சொன்னார். கவச உடை போட்டுக்கொண்டு, மாநகராட்சி ஆட்களோடு அப்பாவும் அவரும் பெட்டியைப் பிடித்து இறக்கினார்கள். ஐயர் எட்ட நின்று வேதம் வாசித்தார். பாடகர் குழு வர அனுமதியில்லை. சபைக் கோவிலில் கடைசி வரிசையில் உதடு மட்டும் அசைப்பவரான அப்பா, டீச்சருக்குப் பிடித்த பாமாலையைத் தனியாகப் பாடினாராம். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த ஜெயசிங்குக்குப் பெட்டியை இறக்குவதற்கு முன்பே சிக்னல் போய்விட்டது.

மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். மாடி அறையில் தனியாகப் படுத்தார். அம்மா படியில் கஞ்சியை வைத்துவிட்டுக் கீழே நின்று அழுவாள். எங்கள் சபையில் ஜெபித்த எல்லோரும் பிழைத்துவிடவில்லை. அது அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் மாலையானால் மாடியிலிருந்து அப்பாவின் ஜெபம் இருமலோடு தெருவுக்கே கேட்கும். அண்ணாச்சி வீடு, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், மாநகராட்சி ஆட்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி மன்றாடுவார். அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. மூன்று வாரத்தில், மெலிந்துபோய், சுவரைப் பிடித்துப் பைய இறங்கி வந்தார்.

டீச்சரின் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது. கொரோனாவுக்காகத் தெருவை அடைத்திருந்த தகரங்களும், கடை வாசலில் ஆட்கள் தள்ளி நிற்கப் போட்ட வட்டங்களும் போய்விட்டன. அந்த நாட்களைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை. போன கிறிஸ்மஸுக்கு வந்த ஜெயசிங்கை அப்பா கல்லறைக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

"போன் கட்டானதுக்கு அப்புறம் அம்மாவ அப்படியே போட்டுட்டுப் போயிருப்பாங்களோன்னு நினைச்சு நினைச்சுத் தூங்காமக் கெடந்திருக்கேண்ணே. உங்கள்ட்ட கேக்கவும் பயம்" என்றார் அவர்.

அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல தம்பி. தலைமாட்டுல நான் நின்னேன். கால்மாட்டுல அண்ணாச்சி நின்னாரு. ஐயர் அங்கன, அந்த வேம்புக்கிட்ட. மண்ணு மூடுற வரைக்கும் ஒருத்தரும் நகரல."

ஜெயசிங் அந்தத் தலைமாட்டில் போய் மண்டியிட்டார்.