அண்ணனுக்கும் எனக்கும் ஒரே அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், சபையாருக்கும், அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடக்க ஆராதனையில் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று வராத வார்த்தைகளை, அப்பா போய் ஒரு வருடம் ஆன பிறகு இங்கே எழுதுகிறேன்.

அப்பா ராயபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டு ஆலயத்துக்கு வந்தாலும், கழுத்து மடிப்பில் கரிக்கோடு போகாது. கல்யாணத்துக்குப் பிறகு திருவொற்றியூரில் கடலை ஒட்டிய வீட்டில் குடியிருந்தார். அங்கேதான் அண்ணன் பிறந்தான்.

அண்ணனை நான் பார்த்ததில்லை. கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளில் நண்டு பிடிக்கப் போனவனை அலை இழுத்துக்கொண்டது. மறுநாள் கரை ஒதுங்கியவனைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். அப்போது அவனுக்கு ஏழு வயது. அடுத்த வருடம் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். என்னைப் பெற்றவர் அப்பாவோடு வேலை பார்த்தவர். என் பிரசவத்திலேயே என்னைப் பெற்றவள் போக, பின்னால் காய்ச்சலில் அவரும் போனார். நாதியற்று நின்ற என்னை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று அத்தை வாசலிலேயே நின்று, "படகு போனா வேற படகு வாங்கலாம்ணா. புள்ள போனா வேற புள்ளயா?" என்று கேட்டாராம். இதைப் படித்து அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம். அண்ணனை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர். அவருடைய துக்கம் அப்படிப் பேச வைத்தது.

அண்ணனின் சட்டையைத்தான் போட்டேன். அவன் பாயில் படுத்தேன், அவன் தட்டில் சாப்பிட்டேன். அப்பாவும் அம்மாவும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. அலை பெரிதாக அடிக்கும் நாட்களில், அண்ணன் ஈரத்தலையோடு வந்து வாசலில் நிற்பான், "என் தட்டைக் கொடு" என்பான் என்று நினைப்பேன். அவன் வந்தால் நான் எங்கே போவேன்?

எனக்கு மீசை அரும்பிய வயதில் ஒரு ஞாயிறு, போதகர் புத்திர சுவிகாரம் என்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எனக்கு விளங்கவில்லை. திரும்பி நடக்கும்போது அப்பாவிடம் கேட்டேன்.

"சுவிகாரம்னா இன்னாப்பா?"

"இட்டாந்து வளக்கிறதுடா."

"என்னிய மாதிரியா?"

அப்பா சிரித்தார். "உன்னிய மாதிரி, என்னிய மாதிரி, அங்கி போட்டுகினு நின்னாரே, அவர மாதிரி. ஆண்டவருக்குச் சொந்தப் புள்ள ஒண்ணுதான். மீதி அல்லாரும் இட்டாந்த புள்ளைங்கதான். இதுல யாரு யாரப் பாத்து நக்கல் வுடறது?"

"அந்தச் சொந்தப் புள்ள செத்ததாலதானப்பா நம்மள இட்டாந்தாரு?"

அப்பா நின்றுவிட்டார். கடலைப் பார்த்தார். எனக்கு முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார்.

பிறகு கடல் அந்த வீட்டையும் எடுத்துக்கொண்டது. எர்ணாவூரில் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. குடிவந்த வாரம் அப்பா அடிக்கடி காணாமல் போனார்.

"எங்க போய்ட்டு வர்றே?" என்று அம்மா கேட்டார்.

"பாறைகிட்டதான். புள்ளைக்கு இந்த வூடு தெரியாதில்ல? சொல்லிட்டு வந்தேன். நீ பாட்டுக்கு சர்ச்சு ஐயருகிட்ட போட்டுக் குடுத்துடாத."

அம்மா சிரிக்கவில்லை. ஆவி, பேய் எதையும் நம்பக் கூடாது என்று எங்களை வளர்த்தவர் அப்பா. அதற்குப் பிறகு அந்த மாடிப்படியில் காலடி கேட்டால் நாங்கள் மூவரும் கதவைப் பார்ப்போம்.

கடைசி மாதங்களில் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. இருமினால் சளி கறுப்பாக வந்தது. ஒரு மத்தியானம் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாடா?" என்றார்.

அங்கே யாரும் இல்லை. சிறு வயதில் பயந்த அந்த நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "கொஞ்சம் தள்ளிக் குந்துடா. உங்கண்ணன் நின்னுகினே கீறான் பாரு."

எழுந்து போ என்று அவர் சொல்லவில்லை. தள்ளி உட்காரத்தான் சொன்னார். நான் தள்ளி உட்கார்ந்தேன். அன்று தெருவில் வைத்து நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. செத்த அந்தச் சொந்தப் பிள்ளை, நம் மூத்தவர், உயிர்த்தெழுந்து வந்து நிற்கிறார்; அதனால் இளையவன் வெளியே போக வேண்டியதில்லை. தேவனுடைய பிள்ளை என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான். கட்டிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடத்தை என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்பதும் உண்மை.

இருமல் மருந்து வாங்கி ஓடிவந்த மாடி வீட்டுக்காரர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், அப்பாவைக் கீழே இறக்கித் தூக்கி வந்த தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குழி வெட்டிய தம்பிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. அண்ணனின் குழியைத்தான் திறந்தார்கள். கிடைத்த சின்ன எலும்புகளை அந்தத் தம்பி வெள்ளைத் துணியில் பதமாக முடிந்து மேலே நீட்டினார். "சொந்தக்காரங்க யாராச்சும் வாங்குங்க. பொட்டி எறக்கின அப்பால கூடவே வெச்சிடலாம்."

நான் பின்னால் நகர்ந்தேன். அத்தை தன் மகனைப் பார்த்து, "நீ வாங்குடா. ரத்த சொந்தம் வாங்கட்டும்" என்றார்.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "ஏன், அவன் தம்பி நிக்கிறான் இல்ல?"

அத்தைதான் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "போடா, வாங்கு."

வாங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, யாருக்கும் கேட்காமல், "அண்ணா" என்றேன்.

பெட்டியை இறக்கி, முடிப்பை அப்பாவின் தோள் பக்கம் வைத்தார்கள். மண் போடச் சொன்னார்கள். மூத்த மகன்தான் முதலில் போட வேண்டும். நான் ஒரு பிடி அள்ளி அண்ணனுக்காகப் போட்டேன். பிறகு குனிந்து, என் பிடியை அள்ளினேன்.