முதுகில் ஓடிய வெளிச்சம்

1. பயங்கரம் என்றால் எப்படி?

முதல் நாள், பதினோராவது நிமிடத்திலேயே படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடைவீட்டின் மாடி. பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் கூடம். பதினான்கு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அந்தத் தெருவிலேயே மசாஜ் கடைகளில் வேலை செய்கிறவர்கள். திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை விஞ்ஞானப் படம், ஆங்கிலத்தில். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். படத்தில் யாரும் பேசாத இடைவெளிகளில், திரையில் என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்ல வேண்டும். வாய்மொழி வர்ணனை என்று அதற்குப் பெயர்.

பறக்கும் தட்டு இறங்கியது. அதன் கதவு திறந்தது. நான் குரலைத் தாழ்த்தி, "பயங்கரமான ஓர் உருவம் வெளியே வருகிறது" என்றேன். என் குரலில் எனக்கே ஒரு பெருமை.

"நிப்பாட்டுங்க லா," என்றார் முன்வரிசையில் இருந்த மணியம். "அக்கா, பயங்கரம்னா எப்படி? எத்தனை கை? எவ்வளவு உயரம்? நடக்குதா, ஊருதா?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "ரெண்டு கைதான். ஆள் உயரம். ரப்பர் சட்டை போட்ட ஆளு. முதுகுல ஜிப் கூட தெரியுது, போதுமா?"

கூடமே சிரித்தது.

"அதைச் சொல்லுங்கக்கா. பயப்படுறதா சிரிக்கிறதான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்."

இருபத்தெட்டு வருஷம் சப்டைட்டில் எழுதியவளுக்கு இவர் பாடம் எடுக்கிறாரா என்று முகம் சூடானது. ஆனால் அவர் கேட்டது நியாயம். அவர்களுக்காகப் பயப்படும் வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. படத்தை மறுபடி ஓடவிட்டு, தட்டைத் தொங்கவிட்ட கயிறு தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அன்று அவர்கள் சிரித்த சிரிப்பு கீழே சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

2. எனக்குப் பிடித்த படங்கள்

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். தமிழ்ப் படங்களுக்கு மலாய் சப்டைட்டில், ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில். ஒரு நேரத்துக்கு இரண்டே வரி. ஆள் வாய் திறக்கும்போது எழுத்து வர வேண்டும், மூடும்போது போக வேண்டும். குடும்பப் படம், பேய்ப் படம் எல்லாம் மற்றவர்கள் அள்ளிக்கொள்வார்கள். விஞ்ஞானப் படம் வந்தால் ஆபீசில் எல்லோரும் டாய்லெட்டுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் கையைத் தூக்குவேன்.

எனக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். பழையது என்றால் இன்னும் பிடிக்கும். பழைய படங்களில் ராக்கெட் கிளம்ப அரை மணி நேரம் ஆகும். எல்லோரும் நிதானமாக நடப்பார்கள். வர்ணனை சொல்கிறவளுக்கு அது தங்கம், மூச்சு விட்டுப் பேசலாம். புதிய படங்களில் கண்ணுக்கு விருந்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் வெடி, ஒரு பக்கம் பாட்டு, நடுவில் இரண்டு பேர் கத்திப் பேசுகிறார்கள். அதில் ஒரு வார்த்தை நுழைக்கக்கூட இடுக்கு கிடைக்காது.

திரையைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்குத்தான் மணியம் வேலை செய்யும் மசாஜ் கடைக்குப் போனேன். கழுத்தை அமுக்கிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டவர், விஞ்ஞானப் படம் என்றதும் கையை எடுத்துவிட்டார். "நானும் பார்ப்பேன்கா. படம் பேசாம இருக்கும்போதுதான் தொல்லை." அப்படி ஆரம்பித்ததுதான் மாதம் ஒரு முறை மாடியில் படம்.

3. கமலாவின் முடிவு

மணியத்தின் மனைவி கமலாவுக்குப் பார்வை உண்டு. கல்யாணமாகி பதினைந்து வருஷம். தியேட்டரில் எந்தப் படம் பார்த்தாலும் கமலா கணவர் காதில் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார். அவர் எந்தப் படத்தையும் தனக்காகப் பார்த்ததில்லை. கணவருக்குச் சொல்வதற்காகத்தான் பார்த்தார்.

போன படத்தின்போது பின்சீட்டில் இருந்த ஒருவர், "வாய மூடுறியா, வெளிய போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். கமலா அழுதுகொண்டே வெளியே வந்தார். இனி தியேட்டர் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு புதிய தமிழ் விஞ்ஞானப் படம் வந்திருந்தது. பெரிய படம். மணியம் என் தோளை அமுக்கிக்கொண்டே சொன்னார். "அக்கா, அந்தப் படத்தை நீங்க தியேட்டர்லயே சொல்லணும். எனக்குப் படம் பார்க்கணும், அது வேற. கமலா என் பக்கத்துல சும்மா உட்காரணும். ஒரே ஒரு தடவை. அவளுக்கு வேலை இல்லாம."

"பார்க்கிறேன்" என்று மழுப்பியிருக்கலாம். நான் "செய்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை.

4. கிள்ளானில் ஏழு காட்சிகள்

வர்ணனை எழுத படத்தின் பிரதி வேண்டும். விநியோகஸ்தரைக் கேட்டேன். திருட்டு வீடியோ பயத்தில் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். சரி, தியேட்டர் இருக்கிறதே. நான் இருப்பது கிள்ளான். லீவு போட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தியேட்டரில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன். டிக்கெட் கொடுக்கும் பெண் மூன்றாவது தடவை கேட்டாள்: "ஆன்டி, ஹீரோவை அவ்வளவு பிடிக்குமா?"

இருட்டில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். முதல் நாள் எழுதியது வரி மேல் வரி ஏறி எனக்கே புரியவில்லை. அடுத்த நாள் பக்கத்துக்கு ஒரே வரி. நேரம் பார்க்க கைப்பேசியைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன். நாலாவது காட்சியில் அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது. டார்ச் என் முகத்தில் விழுந்தது. என்னை மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

மேனேஜர் தர்மா நாற்பது வயதுக்காரர். என் நோட்டைப் புரட்டினார். "பன்னிரண்டு நாற்பது, கதவு. பன்னிரண்டு நாற்பத்து நாலு, அவள் திரும்புகிறாள். நாலு செகண்ட் கிடைக்கும்." நிமிர்ந்து பார்த்தார்.

"ஆன்டி, இது என்ன, பேங்க்ல கொள்ளையடிக்க பிளானா?"

விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். "ஹால்ல பேசுவீங்களா? மத்த கஸ்டமர் விட மாட்டாங்க."

"ஹால்ல ஒரு சத்தம் கேட்காது. நான் புரொஜெக்டர் ரூம்ல இருந்து மைக்ல பேசுவேன். டூரிஸ்ட் கைடு வச்சிருக்கிற மாதிரி சின்ன செட். அவங்க காதுல மட்டும்தான் கேட்கும்."

"இந்தப் படத்தை புதன்கிழமை எடுத்துடுவோம் ஆன்டி. ஞாயிறு காலை ஷோ ஒண்ணுதான் தர முடியும். ஒரு கம்ப்ளேன் வந்தாலும் நிப்பாட்டிடுவேன்."

"வராது," என்றேன். வரும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். மிச்ச மூன்று காட்சிகளையும் பார்த்து முடித்தேன்.

5. நிறத்தை வைத்து என்ன செய்ய?

ஒரே இடத்தில்தான் திணறினேன். அதுதான் படத்தின் உயிரான இடம்.

வேற்றுக் கிரகத்துப் பிராணி ஒன்று. அதற்கு வாய் கிடையாது. முதுகில் ஓடும் வெளிச்சத்தால் பேசுகிறது. கதாநாயகி ஒரு விஞ்ஞானி. டார்ச்சை ஏற்றி அணைத்து பதில் சொல்கிறாள். பன்னிரண்டு நிமிடம் வசனம் இல்லை. கடைசியில் அது மனிதர்களை மன்னித்துவிட்டுப் போகிறது. அதுவும் வெளிச்சத்தாலேயே. என் நோட்டில் "நீலம், பச்சை, மறுபடி நீலம்" என்று பக்கம் பக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மணியத்திடம் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அக்கா, நான் பொறந்ததிலேருந்தே இப்படி. நீங்க நீலம்னு சொன்னா சரின்னு தலையாட்டுவேன். அவ்வளவுதான். எங்கள்ல முக்காவாசிப் பேரு அப்படித்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு காட்சி பார்த்து எழுதியதெல்லாம் வீண். ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு நாள்.

"வெளிச்சம் எங்க ஓடுதுன்னீங்க?" என்றார் மணியம்.

"முதுகுல."

"முதுகுலயா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? முதுகுன்னா எங்களுக்குத் தெரியாதா? குப்புறப் படுங்க."

படுத்தேன். அவர் என் கழுத்தடியில் விரலை வைத்தார். "இங்க ஆரம்பிக்குதா? தண்டுவடத்து மேலயா, ரெண்டு பக்கமும் பிரிஞ்சா? வேகமா, மெதுவா? அழுத்தமா, லேசா?"

நான் கண்ணை மூடி, பார்த்ததை நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, அவர் விரல்கள் என் முதுகில் அந்தப் பிராணி பேசியதைப் பேசின. கோபப்படும்போது இடுப்பிலிருந்து மேலே குத்திக்கொண்டு ஏறும். பயப்படும்போது இரண்டு தோள்பட்டையும் துடிக்கும். மன்னிக்கும்போது கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு, மிக மெதுவாக. அந்த இடத்தில் மணியத்தின் கை நின்றது. "இது கையை எடுக்கிறதுக்கு முன்னாடி கடைசியா உருவி விடுவோமே, அது. வந்தவங்க பாதிப் பேரு இதுலதான் தூங்குவாங்க."

இரண்டு மணி நேரம் அப்படியே வேலை செய்தோம். நிறங்களை எல்லாம் அடித்துவிட்டு முதுகை எழுதினேன்.

6. ஞாயிறு காலை

பதினான்கு பேரும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்தார்கள். கமலாவும் வந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. "யாராவது கத்தினா நான் உடனே எழுந்து போயிடுவேன்கா," என்றார். காதுக் கருவிகளை மாட்டிவிட்டு நான் புரொஜெக்டர் அறைக்கு ஏறினேன். கண்ணாடி வழியாக ஹால் தெரிந்தது. பாதி நிரம்பியிருந்தது.

முதல் முக்கால் மணி நேரம் நன்றாகப் போனது. பிறகு என் பழக்கமே எனக்கு வினையானது. எழுத்து சத்தத்துக்குப் பிந்தக் கூடாது என்று இருபத்தெட்டு வருஷம் பழகியவள் நான். படம் வேறு மனப்பாடம். விண்கலத்தின் கதவு பிய்ந்து பறப்பதை ஒரு செகண்ட் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஹாலில் பதினான்கு பேர் ஒன்றாக "ஐயோ!" என்றார்கள். அப்புறம்தான் திரையில் கதவு பறந்தது. ஹால் முழுவதும் திரும்பி அவர்களைப் பார்த்தது. கமலா விறைத்து உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கை கைப்பையைத் தேடியது.

என் பின்னால் கதவு திறந்தது. தர்மா. மைக்கை அணைத்தேன். கமலாவின் ஞாயிற்றுக்கிழமையை நானே கெடுத்துவிட்டேன்.

"ஆன்டி, கொஞ்சம் லேட்டா சொல்லுங்க," என்றார் தர்மா. "பக்கத்து சீட்டு ஆளுங்க எல்லாம் சஸ்பென்ஸ் போச்சுன்றாங்க."

"கம்ப்ளேனா?"

"அதுல ஒருத்தர் தனக்கும் ஒரு செட் கிடைக்குமான்னு கேட்டார். பேசுங்க, பேசுங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். கமலா எழுந்திருக்கவில்லை. நான் மைக்கை மறுபடி போட்டு, ஒவ்வொரு வார்த்தையையும் அரை செகண்ட் பிடித்து வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம் வந்தது. பிராணி முதுகைத் திருப்பியது. "இடுப்பிலிருந்து மேலே, குத்திக்கொண்டு ஏறுகிறது. நிற்கிறது. மறுபடி, இன்னும் வேகமாக." கீழே மசாஜ் வேலை செய்கிறவர்களின் விரல்கள் எல்லாம் நாற்காலிக் கைப்பிடியில் அசைந்தன. "தோள்பட்டை இரண்டும் துடிக்கின்றன. அவள் டார்ச்சைத் தாழ்த்துகிறாள். கழுத்தடியில் ஆரம்பிக்கிறது. தண்டுவடத்தின் மேல், ஒரே கோடு. மெதுவாக. இன்னும் மெதுவாக. இடுப்பில் முடிகிறது." மணியம் வலது கையைக் காற்றில் மேலிருந்து கீழே இழுத்து, அப்படியே வைத்திருந்தார். பிறகு அந்தக் கையாலேயே கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

கமலாவுக்கு எப்படி இருக்கிறதோ என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அசையவே இல்லை. நல்ல தூக்கம்.

முதலில் எனக்குச் சுருக்கென்றது. ஏழு காட்சி, ஒரு வார லீவு, இவ்வளவும் யாருக்காக? அப்புறம்தான் உறைத்தது. இருட்டில், கணவர் பக்கத்தில், சொல்ல வேண்டியது எதுவும் இல்லாமல் அந்தப் பெண் உட்காருவது பதினைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அடுத்த வரி இரண்டு செகண்ட் பிந்திப் போனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

7. திரும்பும் ரயிலில்

காதுக் கருவிப் பெட்டியைச் சங்கத்தில் ஒப்படைக்க நானும் அவர்களோடு ரயில் ஏறினேன். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரி அக்கா. எப்படித் தூங்கினேன்னே தெரியல. எனக்கே வெட்கமா இருக்கு."

"நல்லா தூங்கினீங்களா?"

"ரொம்ப."

இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எத்தனை பேருக்குச் சொல்லப் போகிறோம் என்று எண்ணும்போது பக்கத்து நாற்காலிகளையும் சேர்த்து எண்ணுங்கள். நான் அதுவரைக்கும் பதினான்கு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதிர் இருக்கையில் மணியம், மனைவிக்குப் படத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சுபாங் ஜெயா ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டார். மற்றவர் வரியைத் திருத்தியே பிழைத்தவள் நான். நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கமலா அவர் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம்?" என்றார். "அப்புறம் என்ன ஆச்சு?"