பெயர் தெரிந்தவருக்கு விற்கக்கூடாது

ஜெசிந்தா அக்கா போய்விட்டார்.

இன்று காலை, ஆஸ்பத்திரியில்... அவருடைய கணவர்தான் அழைத்துச் சொன்னார். கதைத்து முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

இங்கே இருக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் முன்பு ஒரே கம்பனியில் சேல்ஸில் இருந்தவர்கள். வேலையை விட்டதும் அக்கா சும்மா இருக்கவில்லை, என்னையும் சும்மா இருக்க விடவில்லை.

திருகோணமலைத் துறைமுக மதிலுக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கைகளில் ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்கு சர்ச் ஹோலில் சனிக்கிழமை வகுப்பு. சொந்தமாக ஒரு தொழில் தொடங்குவது எப்படி என்று.

"நீர் போர்டில எழுதும், நான் இதுகளை ரோட்டில இறக்கிறன்." வேலையை இப்படித்தான் பிரித்தார்.

முதல் கடை நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சர்ச் வளவில் மேசை போட்டு மரவள்ளிக்கிழங்கைச் சீவிப் பொரித்துப் பக்கற்றில் விற்றார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வந்த கையோடு ஒரு பக்கற்கூட மிச்சமில்லை. பிள்ளைகள் துள்ளினார்கள். நான் படம் எடுத்து இதே பக்கத்தில் போட்டேன், நீங்களும் லைக்கை அள்ளிக் கொட்டினீர்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஆர் வாங்கினது?" என்று கேட்டார்.

அம்மா. மாமி. பக்கத்து வீட்டு அன்ரி. பிறகு ஃபாதர்...

"இது வியாபாரமில்லைப் பிள்ளையள், பாசம். பாசத்தில கடை ஓடாது."

அன்றைக்கே சட்டம் போட்டார். உன் பெயர் தெரிந்த ஆளுக்கு விற்கக்கூடாது.

எனக்குச் சரியான கோபம். "பாவம் அக்கா, ஒரு நாளாவது சந்தோசமா இருக்கட்டும்" என்று சண்டைக்குப் போனேன்.

"பாவம் பாவம் எண்டு சொல்லித்தான் எல்லாரும் இதுகளை அந்த ஒழுங்கைக்குள்ளயே வச்சிருக்கினம். நீரும் தொடங்காதேயும்."

அந்தச் சட்டத்தை நான்தான் போர்டில் எழுதினேன்.

பிறகு பஸ் ஸ்டாண்ட். அங்கே ஒரு மூலையில் சனிக்கிழமைகளில் மேசை போட அனுமதி வாங்க அக்கா அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். நாளை வாங்கோ, நாளை வாங்கோ என்றார்கள். நாளையும் போனார். கடைசியில் அவர்களே களைத்துப்போய்த்தான் தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நிரோஷா என்று ஒரு பிள்ளை, ஏ.எல். கொமர்ஸ். வகுப்பில் வாய் ஓயாது. பஸ் ஸ்டாண்டில் பக்கற்றுகளும் ருசி பார்க்க ஒரு தட்டுமாக நின்றபோது சத்தமே வரவில்லை. புல்மோட்டை பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் ஒரு துண்டு எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று ஏறிவிட்டார். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். அக்கா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். "பஸ் இன்னும் வெளிக்கிடேல்ல. ஓடிப்போய் ஏன் வேண்டாம் எண்டு கேளடி!"

ஓடினாள். யன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள். அந்த மனுசனும் பொறுமையாகச் சொன்னார். "உப்புக் கூடிப்போச்சுப் பிள்ளை. மற்றது, ஸ்டேப்ளர் அடிச்ச பக்கற்றை ஒரு கையால திறக்கேலாது. மற்றக் கை பஸ் கம்பியில எல்லோ?"

அடுத்த சனிக்கிழமை பக்கற் இல்லை, பேப்பர் சுருள். உப்பும் குறைவு. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள்தான் கூடுதலாக வாங்கினார்கள். நிரோஷாவின் சத்தம் அன்றைக்கு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

போன கிழமை அதே நிரோஷா ஒரு சுருளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அக்கா தலையணைக்குக் கீழே கை விட்டு பேர்ஸைத் தேடினார்.

"உங்களுக்கு என்ர பேர் தெரியும் அக்கா. விக்கேலாது. சும்மா சாப்பிடுங்கோ."

அக்கா சிரித்தார்... இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். நேர்ஸ் வந்து எங்களை ஏசிவிட்டுப் போனார். நான் கடைசியாகக் கண்ட சிரிப்பு அதுதான்.

நாளைக்குச் சனிக்கிழமை.

ஒழுங்கையில் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. பிணம் வீட்டில் கிடக்க கடை போடுவதா என்று பிள்ளைகளின் தாய்மார் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் பிழையில்லை. ஆனால் அந்த மூலைக்கு ஆட்கள் கண் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு எங்கள் மேசை இல்லையென்றால் வேறொருவருடைய மேசை இருக்கும். பிறகு அனுமதிக் கடிதத்தைக் காட்டி யாரோடு மல்லுக்கட்டுவது? மல்லுக்கட்டுகிற ஆளும் இப்போது இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் கணவரிடமே கேட்டேன்.

"போடுங்கோ தம்பி. போடாட்டி அவ எழும்பி வந்து என்னைத்தான் ஏசுவா."

உடனே நிரோஷாவுக்கு அழைத்தேன். நான் சொல்லி முடிக்கவில்லை... "சேர், கிழங்கு சீவியாச்சு. அழுதழுதுதான் சீவினனாங்கள். கண்ணீர் விழுந்திருக்கும், உப்பைக் குறைச்சுத்தான் போடவேணும்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அதனால் நண்பர்களே, ஒன்று கேட்கிறேன். அடக்கம் ஞாயிறு பின்னேரம், அதற்கு எல்லோரும் வாருங்கள். நாளைக்கு மட்டும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வராதீர்கள். இந்தப் போஸ்டைப் படித்துவிட்டு மனம் இளகி ஒரு சுருள் வாங்கலாம் என்று யாராவது வந்தால், பிள்ளைகள் விற்கமாட்டார்கள். நானும் விடமாட்டேன்.

இப்போது உங்களுக்கும் நிரோஷாவின் பெயர் தெரியும்.

போயிட்டு வாங்கோ அக்கா. முதல் பஸ் வர முன்னமே மேசை போட்டிருப்பம்.