மனுதாரர் விசாரிக்கப்பட்டார்

லண்டனில் ஒரு வருடம் சட்டம் படித்துவந்த வக்கீல் நான். அதிகாரி எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்காது, எடுத்த முறை சரியா என்றுதான் பார்க்கும் என்று பேராசிரியர் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாக எழுதிக்கொண்டேன். இன்று அந்த நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

காவிரிக் கடைமடையில் என் அக்காவுக்கு ஒரு ஏக்கர் வயல். அதற்குத் தண்ணீர் வரும் ஒரே வாய்க்காலை, அரவை மில்லுக்கு லாரி போக வழி வேண்டும் என்று தாசில்தார் மூடச் சொல்லிவிட்டார். மறுநாளே மண் அடித்துத் தூர்த்தார்கள். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் போட்ட உத்தரவு நிற்காது என்பது நான் படித்த முதல் பாடம். அக்கா பேரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டேன். உத்தரவு ரத்து, மனுதாரரை விசாரித்துப் புதிதாக முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கோர்ட் வாசலிலிருந்தே போன் செய்தேன்.

"ஜெயிச்சாச்சுக்கா."

"அப்ப விதைக்கலாமா?"

"தாராளமா விதை."

அதைச் சொன்ன என் வாயில் மண்ணைப் போட.

விசாரணைக்குக் கூப்பிட்டவர் அதே தாசில்தார். வேறு யார் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேனோ தெரியவில்லை. அக்கா கைகட்டி நின்றாள்.

"ஐயா, மழ ஈரத்துல முளைச்சு நிக்குது. மழயும் நின்னுபோச்சு. ஒரு நட வந்து பாருங்க. தூர்த்த வாய்க்கால இன்னும் தொறக்கல, தொறக்கலன்னா கருகிடும்."

அவர் செல்போனைப் பார்த்தபடி தலையாட்டினார். இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. பழைய உத்தரவேதான், எழுத்துப்பிழைகூட மாறவில்லை. புதிதாக ஒரே வரி: மனுதாரர் நேரில் விசாரிக்கப்பட்டார்.

அக்கா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நான் சொன்னது எங்க இருக்கு?"

"இல்லக்கா. காரணம் எழுதலன்னு திரும்பக் கோர்ட்டுக்குப் போகலாம்."

"போனா?"

"மறுபடி முடிவெடுக்கச் சொல்லுவாங்க."

"யார?"

"அவரத்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொட்டகைக்குப் போய் இரண்டு மாடுகளையும் அவிழ்த்துவந்து, நுனி காய்ந்துகொண்டிருந்த பயிரில் இறக்கிவிட்டாள்.

"அதுங்களாவது திங்கட்டும்" என்றாள்.