சின்ன ஜாரும் எங்கள் ராக் பேண்டும்

எங்கள் ராக் பேண்ட் ஒன்றரை வருஷம்கூட இருக்கவில்லை. பேரைச் சொல்ல மாட்டேன். ஆங்கிலப் பேர்; நாலு பேரில் இரண்டு பேருக்கு அது வாயில் நுழையாது.

நான் உத்தமபாளையம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் வியாபாரம். காலேஜில் வாங்கிய எலக்ட்ரிக் கிட்டாரைக் கல்யாணம் ஆகியும் விடவில்லை, என்னைவிட அதைத்தான் அதிகம் துடைப்பார். ட்ரம்ஸ் வாசித்தவர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பாய். பாடியது எங்கள் கோர்ட்டிலேயே ஜூனியராக இருந்த ஒரு வக்கீல் தம்பி. முடி நீளம், குரல் அதைவிட நீளம். பேஸ் கிட்டாருக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

"அதுல நாலு கம்பிதான். நீ பத்து விரலால டைப் அடிக்கிறவ, உனக்கென்ன கஷ்டம்?" என்றார் வீட்டுக்காரர்.

என் இசைப் பயணம் இப்படித்தான் தொடங்கியது. கோம்பை ரோட்டில் அவருடைய குடோனில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பயிற்சி. நான் தப்பாக அடித்தால் பாய் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதல் ஆறு மாதம் அந்தக் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல், "முன்விரோதத்துல பொய் சொல்றீங்கதான?" என்று கேட்பார். சாட்சி, "இல்லைங்கய்யா" என்பார். நீதிபதி சொல்ல நான் அடிக்க வேண்டியது இப்படி: "முன்விரோதம் காரணமாகப் பொய் சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல." ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தச் 'சரியல்ல'வை அடிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் நறுக்கும்போது அது தாளத்தோடு வந்தது. 'நேத்து நான் அழுதேன் என்று சொன்னால் சரியல்ல, உன் தெருவழி போனேன் என்று சொன்னால் சரியல்ல.' மூன்றாவது சரணத்துக்கு ஒரு ஜீவனாம்ச வழக்கிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டேன். புருஷன் வீட்டை விட்டுப் போகும்போது மிக்ஸியை வைத்துவிட்டு ஜாரை மட்டும் எடுத்துப் போனதாக ஒரு பெண் சாட்சி சொல்லியிருந்தார். 'பெரிய ஜாரை எடுத்துப் போனான் என்று சொன்னால்' என்று தம்பி நிறுத்துவான். கூட்டம் மொத்தமும், "சரிதான்!" என்று கத்தும். பாட்டு முழுக்க ஒரே ஒரு 'சரிதான்' அதுதான்.

எழுதியவர் பேர் போடுவதில் ஒரு சிக்கல், நான் அரசாங்க உத்தியோகம். எங்கள் கோர்ட் ஆபீஸுக்குத் தலைவரான சிரஸ்தாரிடம் கேட்டேன்.

"வாசிக்கிறத நான் கண்டுக்கிற மாட்டேன்மா. பாட்டு எழுதுறேன்னு பேரு போட்டா மேல எழுதி அனுமதி கேக்கணும். பதில் வர்றதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிருவ."

பேர் வேண்டாம் என்று மற்ற மூவரிடமும் நானே சொன்னேன்.

ஒரு காலேஜ் ஆண்டு விழாவில் பாடினோம். யாரோ போனில் எடுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே வாழைத்தார் ஏற்றுகிறவர்கள் லாரி மேல் நின்றுகொண்டு அதைப் பாடினார்கள். "ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று கேட்ட டீச்சரிடம், "முடிக்கல என்று சொன்னால் சரியல்ல" என்றானாம் ஒருத்தன். குமுளியில் மலையாளிகள் அர்த்தம் புரியாமலே ஆடினார்கள். எங்கள் கோர்ட்டிலேயே ஒரு சாட்சி கூண்டில் நின்று ராகத்தோடு, "சரியல்லங்கய்யா" என்று இழுத்தார். நீதிபதி மேஜைக்கு அடியில் பேனா தேடினார். பேனா அவர் கையிலேதான் இருந்தது.

பிறகு மதுரையிலிருந்து ஒரு யூடியூப் சேனல் பேட்டி எடுக்க வந்தது. பாட்டு எழுதியது யார் என்று கேட்டார்கள். தம்பி முடியை ஒதுக்கிவிட்டு, "ஒருநாள் கோர்ட் வராண்டால நின்னுக்கிட்டு இருந்தேன். அப்படியே உள்ள இருந்து வந்துச்சு" என்றான்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், சிரித்த முகமாக.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர், "நீதான பேரு வேணாம்ன?" என்றார்.

"என் பேரு வேணாம்னேன். அவன் பேரப் போடச் சொன்னேனா?"

அந்த வாரம் அவருக்கு ரசம் மட்டும்தான்.

இந்தக் கோபத்தோடேயே இன்னும் கொஞ்ச நாள் வாசித்திருப்பேன். ஆனால் ஒரு நாள் மத்தியானம், தீர்ப்பு நகலுக்கு மனு கொடுக்க ஒரு பெண் வந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"நீங்கதானம்மா அந்தப் பாட்டுக்கு கிட்டார் வாசிக்கிறது?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவுக எடுத்துட்டுப் போனது சின்ன ஜாரு. சட்னி அரைக்கிறது. நீங்க பெரிய ஜாருன்னு பாடுறீக."

அடிக்கும்போது சின்ன ஜார் என்றுதான் அடித்திருந்தேன். தாளத்துக்குப் பெரிய ஜார்தான் உட்கார்ந்தது.

"எம் மகன் வீட்டுல அதத்தான் பாடிக்கிட்டுத் திரியிறான். அவுக அப்பன் கதைன்னு தெரியாது. நானும் சொல்லல." மனுவை என் பக்கம் தள்ளினார். "நகலு எப்பம்மா கிடைக்கும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திருத்தம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நடந்ததைச் சொல்லி, மூன்றாவது சரணம் வேண்டாம் என்றேன்.

"அக்கா, அங்கனதான் எல்லாரும் எந்திரிச்சு ஆடுறாக," என்றான் தம்பி.

"அதனாலதான் வேணாங்கிறேன்."

"என் பாட்டுல கை வைக்காதீங்க."

"உன் பாட்டா?"

"அப்ப உங்க பாட்டா? அந்தப் பொம்பள சொல்லுச்சு, ஜட்ஜு சொன்னாரு, நீங்க அடிச்சீங்க. இதுல நீங்க எழுதுனது எது, அக்கா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தம்பி ஒரு குறுக்கு விசாரணையை ஒழுங்காகச் செய்தான். அந்தச் சரணத்தில் நானாக எழுதியது 'பெரிய' என்ற ஒரு சொல். அதுவும் தப்பு.

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீக?" என்றார். சுருதி சேர்ந்திருந்த கிட்டாருக்கு அவர் மறுபடி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். "தேனிக் கச்சேரிக்குப் போஸ்டர் ஒட்டியாச்சே," என்றார் கடைசியில். கணவன் என்றால் இப்படித்தான்.

அந்த ஒரு சரணத்தை மட்டும் விட்டுவிடுவது என்று முடிவானது. தம்பியும் சரியென்றான்.

தேனி மண்டபத்தில் நல்ல கூட்டம். இரண்டாவது சரணம் முடிந்ததும் தம்பி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக, "பெரிய ஜாரை..." என்று ஆரம்பித்துவிட்டான்.

நான் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மகா எதிர்ப்பு. ஒருத்தருக்கும் தெரியவில்லை. பேஸ் நின்றால் மண்டபத்தில் என்ன குறையும்? வீட்டுக்காரர்கூட வாசித்துக்கொண்டேதான் இருந்தார்.

பாய் மட்டும் என்னைப் பார்த்தார். குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ட்ரம்ஸ் நின்றது எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டுக்காரர் திடுக்கிட்டு நிறுத்தினார். தம்பி தனியாக அந்தச் சரணத்தைப் பாடி முடித்தான். கூட்டம் அதைப் புதுமையான ஏற்பாடு என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான்.

திரும்பும்போது வேனைச் சின்னமனூரில் டீக்கு நிறுத்தியபோது தம்பி, "இனி நான் தனியாப் பாத்துக்கிறேன்" என்றான். "பாத்துக்கப்பா," என்றார் பாய். அவ்வளவுதான், கலைந்தோம். சாமானெல்லாம் ஒரே வேனில் இருந்ததால் கோபமாகப் பிரிந்து போகவும் வழியில்லை. நாலு பேரும் உத்தமபாளையம் வரை முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தோம்.

தம்பி இப்போது கல்யாண வீடுகளில் ட்ராக் போட்டுப் பாடுகிறான். அதே சரணம், அதே ஜார். கோர்ட்டில் எதிரே வந்தால், "அக்கா, நல்லாருக்கீங்களா" என்பான். நல்லாத்தான் இருக்கிறேன் என்பேன். அந்தப் பெண்ணுக்கு நகலை நானே எடுத்து வைத்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரர் தானாக, "அன்னைக்கு நான் உம் பக்கம் பேசிருக்கணும்" என்றார். "ஆமா" என்றேன். அதற்குமேல் அவருக்கு உதவி செய்யவில்லை.

போன மாதம் பாய் கடைக்குக் கண் பரிசோதனைக்குப் போனேன்.

"மறுபடி ஆரம்பிப்பமா தங்கச்சி?" என்றார், என் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டே.

"யாருண்ணே பாடுறது?"

அவர் எதிரே மாட்டியிருந்த எழுத்து அட்டையில் கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை.