கசெற்றின் வாலில் ஒரு பாட்டு

ரெக்கோர்டிங் பார் நடத்துகிறவனுக்கு இரண்டு காது போதாது. ஒன்றைப் பாட்டுக்கும் மற்றதை வாடிக்கையாளரின் ஏச்சுக்கும் கொடுத்துவிட்டால், வீட்டில் மனிசி சொல்வதைக் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் என் கடை. சண்டைக் காலம். சனம் ஒரு துண்டில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வரும். நான் வெறும் கசெற்றில் பதிந்து கொடுப்பேன். இதே தொழில் பார்த்து நொந்துபோன சகோதரங்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

பேரில் ஐந்து, ஆளில் மூன்று

'பீச் ரோட் ஃபைவ்' என்று ஒரு இசைக்குழு. ஒரு காலத்தில் பம்பலப்பிட்டியில் எந்த மண்டபத்தில் விழா என்றாலும் இவர்கள்தான். வாசிப்பது ரொக். ஆனால் மெட்டு இனிமையாக இருக்கும், வயசாளிகளும் காலாட்டுவார்கள். எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு குழு சிதறிப்போனது. ஒருவர் லண்டன், ஒருவர் கனடா. பதினொரு வருசம் மூச்சுப்பேச்சில்லை. பிறகு கொழும்பில் மிஞ்சியிருந்த மூன்று பேரும் சேர்ந்து புதுக் கசெற் ஒன்று போடுவதென்று வெளிக்கிட்டார்கள்.

பாடகர் சந்திரன் அண்ணை என் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். காப்புறுதிக் கொம்பனிக் கந்தோரில் வேலை. தலையில் பாதி மயிர் போயிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. பதிவு முழுக்க கொட்டாஞ்சேனையில், ட்றம் அடிக்கிற பெனடிக்ட்டின் வீட்டில் நடந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்க சுவரெல்லாம் மெத்தை சாத்தி வைத்தோம். நானும் என்ர மெஷினைக் காவிக்கொண்டு போனேன்.

அவ்வளவு மெத்தையும் காணாது. பெனடிக்ட் பெரிய ட்றம்மில் முதல் அடி அடித்ததுதான் தாமதம், ஒழுங்கையே வெளியில் வந்து நின்றது. எதிர்வீட்டு மாஸ்டர் சாரத்தை ஒரு கையாலும் பைல் ஒன்றை மறுகையாலும் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

“பெனடிக்ட், அடிக்கிறதெண்டால் முதல்ல ஒரு குரல் குடுத்திட்டு அடியும் ஐசே! குண்டெண்டு நினைச்சு நான் பிள்ளையளையும் விட்டிட்டு சேட்டிபிக்கேட் பைலோட ஓடி வந்திட்டன்!”

அட்டைப்படம்

கசெற் அட்டைக்கு ஒரு படம் வேண்டும். புதிசாக எடுப்போம் என்று நான் சொன்னேன். சந்திரன் அண்ணை கேட்டால்தானே! பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தோள்வரை மயிரும் யானைக்கால் பெல்பொட்டம் களிசானுமாக ஐந்து பெடியள்.

அச்சடித்த கசெற்றுகளைப் பெட்டியில் கட்டி, ஓட்டோவில் வெள்ளவத்தைக்குக் கொண்டு வருகிறோம். வழியில் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. இறங்கினோம், அடையாள அட்டையை நீட்டினோம். ஆமிக்காரப் பொடியன் பெட்டியைத் திறந்து ஒரு கசெற்றை எடுத்தான். “சிந்து” என்று சிங்களத்தில் சொன்னேன் நான், பாட்டுத்தான் என்று விளங்கட்டும் என்று. சந்திரன் அண்ணை சும்மா இருந்திருக்கலாம். படத்தின் நடுவில் நின்றவனைத் தொட்டு, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, அது தான்தான் என்று பெருமையாகச் சொன்னார். பொடியன் படத்தைப் பார்த்தான், அடையாள அட்டையைப் பார்த்தான், அண்ணையின் மண்டையைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே கசெற்றைத் திருப்பிக் கொடுத்தான். பொய் சொல்லாதையுங்கோ என்றான், அதையும் அண்ணை என்று மரியாதையாக:

“பொரு கியண்ட எப்பா, அய்யே!”

வெளியாள்

முதல் மாதம் கசெற் வாங்கியவர்கள் எல்லோரும் சொந்தக்காரர், கந்தோர்க்காரர், அல்லது பெனடிக்ட்டின் மாதா கோயில்காரர். சந்திரன் அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் கந்தோரால் வந்து கடையிலிருந்த மர வாங்கில் குந்திவிடுவார். ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார். “தம்பி, நான் ஆரெண்டு தெரியாத ஒரு ஆள், ஒரேயொரு ஆள், தானா வந்து எங்கட பாட்டைக் கேக்கோணும். தைப்பொங்கல் வரைக்கும் பாப்பன். இல்லையெண்டால் கிற்றாரை வித்துப்போட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பன்.” பகிடி இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஹெந்தளையில் இருந்த என் கூட்டாளி ஒருவனைப் பிடித்து, சொல்ல வேண்டிய வசனத்தைப் பாடமாக்கி அனுப்பினேன். வந்தான், ‘பீச் ரோட் ஃபைவ்’ கசெற் இருக்கோ என்று பிசகாமல் கேட்டான். அண்ணையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேணும்! எழும்பி அவன் கையைப் பிடித்து, “எந்தப் பாட்டு உங்களுக்குக் கூடப் பிடிச்சது?” என்று கேட்டார். அந்த மடையன் திருதிருவென்று முழித்துவிட்டு என்னைக் கைகாட்டினான்.

“அதை இவர் சொல்லித் தரேல்லையே!”

வால்

தொண்ணூறு நிமிசக் கசெற்றில் கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகும் கடைசியில் இரண்டு நிமிசம் வெறுமையாகக் கிடக்கும். அதை நாங்கள் வால் என்போம். வாடிக்கையாளரைக் கேட்காமல் வாலில் ஒன்றும் போடக்கூடாது. தொழிலில் அது பாவம். நான் அந்தப் பாவத்தைச் செய்தேன். அண்ணைக்குத் தெரியாமல், கடைக்கு வந்த கசெற் எல்லாவற்றின் வாலிலும் அவருடைய ரெயில் பாட்டைப் போட்டேன்.

பாட்டில் ஒருவன் பம்பலப்பிட்டி ஸ்டேசனில் காதலிக்காகக் காத்து நிற்கிறான். ரெயில் வருகிறது, நிற்கிறது, சனம் இறங்குகிறது, அவளைக் காணவில்லை. அதுவரைக்கும் இரண்டு நிமிசம். அவள் அடுத்த ரெயிலில் வந்து இறங்குவது மற்ற இரண்டு நிமிசத்தில். ஆனால் அதற்கு முன்னமே டேப் முடிந்துவிடும். ஆக, வெள்ளவத்தைச் சனத்துக்கு நான் கொடுத்தது பாதிப் பாட்டு, அதுவும் அழுகைப் பாதி.

முதலில் வந்தது ஏச்சுத்தான். பென்சனியர் ஒருவர் பக்திப் பாட்டுப் பதிந்து கொண்டுபோனவர். கடைசிப் பாட்டு முடிந்ததும் கண்ணை மூடித் தியானத்தில் இருந்திருக்கிறார். திடீரென்று பெனடிக்ட்டின் ட்றம்.

“முருகன்தான் நேரில வந்திட்டார் எண்டு எழும்பி நிண்டு கும்பிட்டிட்டன் தம்பி!”

அதைவிட மோசம் பிடவைக்கடை ஹனீபா நானா. அவர் கடையில் காலையிலிருந்து பின்னேரம் வரை நான் பதிந்த கசெற்தான் சுற்றும். ஒருநாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“தம்பி, ஒங்கட கெசட்டு முடியிற நேரமெல்லாம் ஒரு மனுசன் ஸ்டேசன்ல நிண்டு அழுவுறான். பொடவை எடுக்க வந்த பொம்புளைகளும் சேர்ந்து அழுவுறாங்க. அந்தப் புள்ளய பஸ்ஸுல வரச் சொல்லுங்களே!”

குடைக்காரி

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம். சந்திரன் அண்ணை வாங்கில் இருந்து, கிற்றார் விற்கப் பத்திரிகை விளம்பரத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தார். ‘நல்ல நிலையில்’ என்று எழுதி, வெட்டி, திரும்ப எழுதினார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

அப்போது ஒரு அம்மா உள்ளே வந்தா. ஐம்பது வயதிருக்கும், குடையும் கையுமாக, வேர்த்துக் கொட்டியிருந்தது. நான் முன்பின் கண்டதில்லை. கைப்பையிலிருந்து ஒரு கசெற்றை எடுத்து மேசையில் வைத்தா.

“இது பக்கத்து வீட்டுப் பிள்ளை இஞ்ச பதிஞ்ச கசெற். இரவல் வாங்கிக் கேட்டனான். கடைசியில ஒரு பாட்டுப் பாதியில நிக்குது. கொட்டாஞ்சேனையில இருந்து இதுக்கெண்டே வாறன், ரெண்டு இடத்தில இறக்கிச் செக் பண்ணிப்போட்டாங்கள். தம்பி, அந்தப் பிள்ளை ரெயிலால இறங்கினதோ இல்லையோ?”

அண்ணையின் கையிலிருந்த பேனை கீழே விழுந்தது. மனுசன் எழும்பினார். அப்படியே நின்று, மிச்சப் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டார். சந்தோசத்தில் குரல் கரகரத்து, சுருதி எங்கோ போய், கண்ணால் தண்ணீர் ஓட, இரண்டு வரி. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினா.

“குறை நினையாதேங்கோ. நீங்களும் பரவாயில்லாமல் பாடுறியள். ஆனால் மிச்சத்தை எனக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அதை அந்தப் பெடியன்ர குரலிலதான் கேக்கோணும்.”

அண்ணை தங்கட புதுக் கசெற் ஒன்றைத் தானே எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். தான் ஆரென்று மூச்சும் விடவில்லை. குடை ஒழுங்கையால் திரும்பி மறையும்வரை வாசலில் நின்றார். பிறகு விளம்பரத் தாளை நாலாகக் கிழித்துப்போட்டு, என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

“கேட்டியோடா? நான் வேண்டாமாம், அந்தப் பெடியன்தான் வேணுமாம்!”

அந்தத் தொழிலில் இருந்த பன்னிரண்டு வருசமும் எத்தனையோ கசெற்றை ஒழுங்காகப் பதிந்து கொடுத்தேன், ஆனால் ஒரு மனுசனுக்கு உருப்படியாக உதவியது நான் அரைகுறையாகச் செய்த கள்ளவேலை ஒன்றுதான்.